நீலப் படகில் பதினேழு வட்டங்கள்

மார்ச் 9, ஞாயிறு, காலை 6.50
ரயில் நிலையம்

அன்புள்ள அக்காவுக்கு,

ஐந்தரைக்குப் படகுத்துறையில் இறங்கினேன். ஆறரைக்கு வேலை முடிந்தது. உளுத்த இடங்கள் மொத்தம் பதினேழு.

நீ எழுதியிருந்த, மதில் ஓரத்து நீலப் பாய்மரப் படகு. சுத்தியலால் தட்டினால் நல்ல மரம் 'டங்' என்று பேசும். இது 'பொத்' என்கிறது. ஸ்குரூடிரைவரை வைத்து அழுத்தினால் வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்குகிறது. ஒவ்வொரு இடத்தையும் சுற்றிச் சாக்பீஸால் வட்டம் போட்டிருக்கிறேன். மேலே புதுப் பெயின்ட், உள்ளே ஒன்றுமில்லை. பின்பக்கத்தில் 'வாங்காதே' என்று பெரிதாக எழுதிவிட்டேன், பார்த்ததும் உனக்கு மனசு இளகிவிடக் கூடாது என்று.

நான் சொல்வதுதான் முடிவு என்றாய். சொல்லிவிட்டேன். தூங்குகிறவளை எழுப்ப வேண்டாமென்று வீட்டுக்கு வரவில்லை. ஏழு மணி ரயில்.

தம்பி

மார்ச் 12

அன்புள்ள அவசரக்குடுக்கைக்கு,

உன் கடிதத்துக்கு முன்னால் துறையிலிருந்து ஒருவர் வந்துவிட்டார். ரிட்டயரான கணக்கு வாத்தியார், நீ படகு பார்க்க வருவாய் என்று அவரிடம் சொல்லிவைத்திருந்தேன். "ஏம்மா, என் படகுக்கு அம்மை போட்டிருக்கு. உங்க தம்பி வந்துட்டுப் போனாரா?" என்றார்.

நான் பார்க்கச் சொன்னது அதற்கு அடுத்த படகு. அதுவும் நீலம்தான், மழைக்குத் தார்ப்பாய் போட்டு மூடியிருக்கிறது. நானே வந்து அவிழ்த்துக் காட்டுகிறேன் என்று எழுதியிருந்தேனே. பாதிக் கடிதத்திலேயே ரயில் ஏறிவிட்டாயா?

வாத்தியாருக்குக் கோபமில்லை. போன மாதம்தான் பெயின்ட் அடித்தாராம். வட்டங்களை எண்ணிவிட்டுக் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறார், பாவம்.

என் படகை நானும் தட்டிப் பார்த்தேன். பல் டாக்டரிடம் இத்தனை வருஷம் வேலை பார்க்கிறவளுக்குச் சொத்தை தெரியாதா? மூன்று பலகை போயிருக்கிறது. ஆனால் அடிக்கட்டை எனக்குப் பிடிபடவில்லை. படகுக்கு முதுகெலும்பே அதுதானே, நீதான் பார்க்க வேண்டும். வேண்டாம் என்றால் விட்டுவிடுகிறேன், சத்தியமாக. ஆசையாக இருக்கிறது, அவ்வளவுதான். உன் அத்தான் பிரிந்துபோன பிறகு வீட்டின் அமைதி காதை அடைக்கிறது. தண்ணீரில் போகும்போது அப்படித் தெரிவதில்லை.

படகு கிடக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை நீ வந்தபோது நான் தூங்கிக்கொண்டிருக்கவில்லை. ஐந்து மணிக்கே எழுந்து இரண்டு பேருக்குச் சமைத்துவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். துறையிலிருந்து வீடு நாலு எட்டுதான்.

அக்கா

மார்ச் 15

அன்புள்ள அக்காவுக்கு,

இந்த முறை கடைசி வரி வரைக்கும் படித்தேன். செய்யப்போவதை எழுதுகிறேன்.

1. வருகிற வெள்ளி சாயங்காலம் ரயில் ஏறுவேன். திரும்ப டிக்கெட் எடுக்கவில்லை.

2. துறைக்குப் போகாமல் நேரே வந்து உன் வீட்டு மணியை அடிப்பேன். தூங்கினாலும் எழுப்புவேன்.

3. போட்டதைச் சாப்பிடுவேன். உப்பு குறைவு என்று சொல்ல மாட்டேன். சொல்லாமலிருக்கப் பார்ப்பேன்.

4. வாத்தியாரிடம் மன்னிப்புக் கேட்டு, 'வாங்காதே'யை என் கையாலேயே துடைப்பேன். வட்டங்கள் இருக்கட்டும், அவருக்கு வேண்டியிருக்கும்.

5. தார்ப்பாயை நீ அவிழ்க்கும் வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்பேன்.

6. அடிக்கட்டை உறுதியாக இருந்தால் மூன்று பலகையையும் நானே மாற்றித் தருவேன். உளுத்திருந்தால் உள்ளதைச் சொல்வேன். சொன்ன கையோடு ரயில் ஏற மாட்டேன்.

தம்பி