அப்பாவைக் கூப்பிடுகிறவர்

அன்புள்ள சின்னவனுக்கு,

கர்த்தரின் கிருபை உன்னைத் தாங்கிக்கொண்டிருக்கும் என்ற நம்பிக்கையில் அம்மா எழுதுகிறேன். இங்கே என் முழங்கால் வலி பாதி குறைந்திருக்கிறது, அக்காவின் குழந்தை தவழ ஆரம்பித்து வீட்டிலுள்ள செருப்பையெல்லாம் ருசி பார்க்கிறது, சமையலறைக் குழாய் மறுபடி ஒழுகுகிறது. நீ போனில் சொன்னது மட்டும் மனதில் முள்ளாய்க் குத்திக்கொண்டே இருக்கிறது. வேலை போன முகத்தோடு அப்பா முன்னால் எப்படி நிற்பேன், ஒரு நிலைக்கு வந்த பிறகு வருகிறேன் என்றாய். அப்போது அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார், என்னால் வாய் திறக்க முடியவில்லை. மருந்துக் கடையில் என் வேலைக்கு நடுவே பேசலாம் என்றால் வரிசை குறைகிற நேரமே இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

அப்பாவுக்கு மறதி என்பது உனக்குத் தெரியும், எவ்வளவு என்று தெரியாது. நீ பிறப்பதற்கு முன்பிருந்தே ஜெபக்கூடத்தில் எல்லோருக்காகவும் ஜெபம் ஏறெடுக்கிறவர் அவர்தான், உனக்கு நினைவிருக்கும், நோயாளிகளின் பேர், பரீட்சை எழுதுகிற பிள்ளைகளின் பேர், ஒன்றுவிடாமல் சொல்வார். சில மாதங்களுக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை எழுந்து நின்று தொடங்கியவர் பாதியில் நின்றுவிட்டார். எல்லோரும் கண்ணை மூடிக் காத்திருந்தார்கள். கொஞ்ச நேரம் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார், பிறகு உட்கார்ந்துவிட்டார். அடுத்த வாரம் ஜெபக்கூடத்துக்குக் கிளம்பச் சட்டை போடவே மறுத்தார். போதகரிடம் வேறு ஆளைப் பார்க்கச் சொல் என்றார். பழுதான பாகத்தைக் கழற்றி வைத்துவிட்டு வேறு போடுவதுதானே முறை என்றார், காலமெல்லாம் லிஃப்ட் பழுது பார்த்தவர் வேறு எப்படிப் பேசுவார். எனக்கும் மனதுக்குள் கேள்விதான். இவ்வளவு ஊழியம் செய்தவரை இனி கடவுள் என்ன செய்வார், ஓரமாக வைத்துவிடுவாரா என்று யோசித்து யோசித்து கடையில் மாத்திரை எடுத்துக் கொடுப்பதில்கூடக் கவனம் தப்பியது.

நம் தெருக்கோடியில் இஸ்திரிக் கடை வைத்திருக்கும் அம்மாவை உனக்குத் தெரியுமே, அவளுடைய மகள் காய்ச்சலில் போய்விட்டாள். அதை உனக்கு நான் சொல்லவில்லை, சொல்ல மனம் வரவில்லை. ஒரு நாள் அவள் துணி கொண்டுவந்தபோது நான் அடுப்படியில் இருந்தேன், அப்பா கதவைத் திறந்தார். முகம் ஏன் வாடியிருக்கிறது என்று கேட்டிருக்கிறார். அவள் சொன்னாள். சாவு வீட்டுக்குப் போய் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவர், இப்போதுதான் கேள்விப்படுகிற மாதிரி அப்படியே உட்கார்ந்து அழுதார். ஜெபம் பண்ண வார்த்தை கிடைக்கவில்லை போலிருக்கிறது, கடவுளைக் கூப்பிட்டு "அப்பா, இந்தப் பிள்ளை, இந்தப் பிள்ளை" என்று அதையே திருப்பித் திருப்பிச் சொன்னார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து வாசல்வரை போயிருப்பாள், முகம் ஏன்மா வாடியிருக்கு என்று மறுபடி கேட்டார். எனக்கு உயிரே போய்விட்டது. மன்னிப்புக் கேட்க ஈரக்கையோடு ஓடினேன். அவள் என்னைக் கையமர்த்திவிட்டு, திரும்பி வந்து உட்கார்ந்து முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள். இந்தத் தடவை மகள் இஸ்திரி போடும்போது விசிலடிப்பாள் என்றும், அதற்காகவே பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார் என்றும் சொல்லிச் சிரித்தாள். அப்பாவும் சிரித்தார். அவள் சிரித்து நான் பார்த்து எத்தனை நாளாயிற்று.

அதற்குப் பிறகு துணி இருந்தாலும் இல்லாவிட்டாலும் வருகிறாள். ஏன் என்று அறிய எனக்கு ஆசை, உன் அம்மாவைத்தான் உனக்குத் தெரியுமே, கேட்டுவிட்டேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "மத்தவங்களுக்கு இது பழைய கதையாயிடுச்சுக்கா. எத்தனை நாளைக்கு இதையே சொல்லுவேன்னு கேக்குறாங்க. அண்ணனுக்கு மட்டும்தான் ஒவ்வொரு தடவையும் என் பொண்ணு இன்னைக்குப் போன மாதிரி."

பார்த்தாயா, எது பழுது என்று நினைத்தோமோ அதுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. அதற்காகக் கடவுள்தான் இந்த வியாதியைக் கொடுத்தார் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். போன வாரம் அப்பா என்னை யாரோ என்று நினைத்து அறையைவிட்டு வெளியே போகச் சொன்னார், நான் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். பின்னே இந்த வியாதி எதற்கு என்று போதகரிடம் கேட்டேன், தாடையைத் தடவிக்கொண்டு, தெரியலைம்மா என்றார். அவர் அப்படிச் சொன்னதால் அவர்மேல் மதிப்புக் கூடிவிட்டது.

பிறகு அப்பாவிடமே கேட்டேன், கடவுளையாவது ஞாபகம் இருக்கிறதா என்று. "பேரு நாக்கு நுனியில நிக்குது, வரமாட்டேங்குது. ஆனா கூப்பிடுறது கேக்குது" என்றார். எப்படிக் கூப்பிடுகிறார் என்றேன். "நீ கூப்பிடுற மாதிரிதான்." எந்த வேலைக்கு என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார். "வேலைக்கா? சாப்பிடத்தான்."

பருப்புச் சட்டியை அடுப்பிலிருந்து இறக்க மறந்து நின்றேன். இத்தனை வருஷம் ஊழியத்துக்கு அழைப்பு என்று பிரசங்கம் கேட்டிருக்கிறேன், இப்படி ஓர் அழைப்பை நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. ஒன்றும் கொண்டுவராத பிள்ளையையும் பந்தியில் உட்கார வைக்கிறவர் என்றால், அவரைப் பற்றி எனக்கு இன்னும் என்னவெல்லாம் தெரியாதோ.

இப்போது உன் விஷயம். எந்த முகத்தோடு நிற்பேன் என்றாயே, மகனே, அப்பாவுக்கு நீ என்ன படித்தாய் என்பதும் தெரியாது, என்ன வேலை பார்த்தாய் என்பதும் தெரியாது, அது போனதும் தெரியாது. உன் படத்தைக் காட்டினால் உன் பேர் வருவதில்லை, படத்தின் கன்னத்தைத் தடவி "நம்ம பையன்" என்கிறார். அவ்வளவுதான் மிச்சம். அது உனக்குப் போதாதா சொல். நீ ஒரு நிலைக்கு வருகிறவரை அதுவும் இருக்குமா என்று எனக்குத் தெரியவில்லை.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. நேரத்துக்குத் தூங்கு. ஈரத்தலையோடு வெளியே போகாதே. கிளம்பும் முன் அக்காவுக்குச் சொல்லிவிடு, அவள் ரயில் நிலையத்துக்கு வருவாள். நீ வரும்போது நான் மருந்துக் கடையில் இருந்தால் அப்பாதான் கதவைத் திறப்பார். யார் நீ என்று கேட்பார். மனம் உடைந்துவிடாதே. உங்க பையன்பா என்று சொல், அவர் முகத்தைப் பார்.

உன்னை முத்தமிடும்,
அம்மா