கயிறு பிடித்த கைகள்

7 ஜூலை 2025, திங்கள்

கோலாலம்பூர் விளையாட்டு இதழ் ஒன்றிலிருந்து அழைப்பு. பேசியவர் ஆசிரியர் கார்த்திகேசு. நான் எடுத்த கல்யாணப் படங்களை எங்கோ பார்த்தாராம். கோலசிலாங்கூர் பக்கம் ஒரு தோட்டத்தில் கயிறு இழுக்கும் பெண்கள் குழு இருக்கிறது, மாநிலப் போட்டிக்குப் போகிறார்கள், படம் வேண்டும் என்றார்.

"சிரிச்ச முகம் வேணாம்மா. உடம்பு வேணும். அது என்ன செய்யுதுன்னு படத்துல தெரியணும்."

சரி சார், சரி சார் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். இத்தனை வருடமும் மணப்பெண்களைப் படம் எடுத்தவள் நான். வியர்வையைத் துடைக்கச் சொல்லித்தான் பழக்கம்!

அத்தா எங்கள் கடையில் தேத்தண்ணீர் ஆற்றிக்கொண்டே கேட்டார்: "பொம்பளைங்க கயிறு இழுக்கிறதா? அதை யாரு லா பாப்பாங்க?"

12 ஜூலை, சனி

தோட்டத்துத் திடலில் பயிற்சி. எட்டுப் பேர். தலைவி மோகனா, டவுனில் வங்கியில் வேலை. வரிசையின் கடைசி ஆள் நல்லம்மாள் அக்கா, செம்பனைத் தோட்டத்தில் வேலை. கயிற்றின் முனையைத் தோளிலும் இடுப்பிலும் சுற்றிக்கொண்டு, மொத்தக் குழுவையும் தாங்கி நிற்பது அவர்தான்.

எல்லாரையும் வரிசையாக நிறுத்தினேன். தாடையை இறக்குங்கள், லேசாகத் திரும்புங்கள், கையை இடுப்பில் வையுங்கள்.

"பாப்பா, எங்களைப் பொண்ணு பாக்க வர்றாங்களா?" என்றார் நல்லம்மாள் அக்கா. திடலே சிரித்தது.

13 ஜூலை, ஞாயிறு

காலை முழுக்கக் கணினி முன். படங்களைச் சரிசெய்து மோகனாவுக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டார்.

"அழகா இருக்கு ஷஃபீகா. ஆனா இது யாரு?"

எனக்குப் புரியவில்லை.

"என் கையில பாதியைக் காணோமே! இந்தக் கை வர்றதுக்கு நாலு வருஷமாச்சு. அதை ஏன் எடுத்துட்டீங்க?"

திட்டவில்லை. சிரித்துக்கொண்டேதான் கேட்டார். திட்டியிருக்கலாம்.

கை என்றால் மெலிய வைப்பது, கழுத்து நரம்பு தெரிந்தால் அழிப்பது, வெயிலில் கறுத்த தோலை வெளுப்பாக்குவது. யோசிக்காமலேயே செய்துவிட்டேன். அழகாக்கத்தானே செய்தேன்? யார் கேட்டார்கள்?

15 ஜூலை, செவ்வாய்

எடுத்தது சரியில்லை, போட்டியன்று மறுபடி எடுக்கிறேன் என்று ஆசிரியரிடம் சொன்னேன். "போட்டி முடிஞ்ச மறுநாள் படம் வரணும். வரலேன்னா அந்தப் பக்கத்துல வேற ஆளோட படம்" என்றார்.



19 ஜூலை, சனி

பயிற்சியில் கேமராவை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தேன், அவ்வளவுதான். மோகனா குரல் கொடுத்ததும் எட்டு முதுகும் ஒன்றாகச் சாய்கின்றன. முன்னங்கையில் நரம்பு புடைத்து எழுகிறது. குதிகால் மண்ணைத் தோண்டிக்கொண்டு உள்ளே போகிறது. போன வாரம் இதையெல்லாம் விட்டுவிட்டு, கையை இடுப்பில் வை என்றேனே!

26 ஜூலை, சனி

மாநிலப் போட்டி இங்கேயே, எங்கள் சுங்கை பெசாரில். காலையில் மழை கொட்டியதில் திடல் ஒரே சேறு. தரையோடு தரையாகக் குப்புறப் படுத்துக்கொண்டேன். தலையில் கட்டிய தூடோங், சட்டை, முழங்கை எல்லாம் சேறு.

இறுதிச் சுற்று. கயிறு அசையவே இல்லை. நல்லம்மாள் அக்கா முதுகு தரையைத் தொடுவதுபோல் சாய்ந்திருந்தார். வாய் திறந்திருந்தது, கண் மூடியிருந்தது. நனைந்த காற்சட்டைக்குள் தொடை கருங்கல்போல் திரண்டு நின்றது. கேமராப் பொத்தானை அழுத்தினேன். மறுபடி அழுத்தினேன்.

இரண்டாம் இடம்தான். யாரும் அழவில்லை. என்னையும் சேற்றில் இழுத்துப் போட்டு ஆடினார்கள். நல்லவேளை, கேமராவை முதலில் பிடுங்கிப் பத்திரமாக வைத்துவிட்டார்கள்.

28 ஜூலை, திங்கள்

நேற்றே படங்களை அனுப்பிவிட்டேன். எதையும் மெலிய வைக்கவில்லை, எதையும் அழிக்கவில்லை. இன்று ஆசிரியர் கூப்பிட்டார்.  

"அந்தக் கடைசி ஆளு படம், அட்டைக்கு."

அட்டைக்கு!

6 செப்டம்பர், சனி

இதழை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். நல்லம்மாள் அக்கா அட்டையைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார், கிட்டே கொண்டுவந்து பார்த்தார்.

"என் தொடை இவ்ளோ பெருசா?"

போச்சு, வருத்தப்படுகிறார் என்று நினைத்தேன். தொடையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். "அதான் எதிர்ல இருந்த எட்டுப் பேராலயும் என்னைச் சட்டுனு நவுத்த முடியல!"

அவர் வீட்டுக்காரர் வீரன் இதழைப் பிடுங்கிக்கொண்டு லயத்து வீடுகள் முழுக்கக் காட்டப் போய்விட்டார். கடைக்கு வந்தால், அத்தா இன்னொரு இதழ் வாங்கி, கல்லாவுக்கு மேலே அட்டையை ஒட்டி வைத்திருக்கிறார். ரொட்டி வாங்க வந்தவரிடம், "எம்மவ எடுத்தது" என்கிறார். வந்தவர் அதைப் பற்றிக் கேட்கவே இல்லை.

14 செப்டம்பர், ஞாயிறு

சும்மா பார்க்கத்தான் பயிற்சிக்குப் போனேன். குழுவில் குமுதா கர்ப்பமாக இருக்கிறாளாம். எல்லாருக்கும் சந்தோஷம், ஆனால் கயிற்றில் ஓர் இடம் காலி. மோகனா என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"ஷஃபீகா, உங்க எடை என்ன?"

அதை நான் என் டாக்டரிடமே முணுமுணுத்துத்தான் சொல்வேன். சொன்னேன்.

"அடேயப்பா! குமுதா இடத்துக்குச் சரியான ஆளு!" என்று கைதட்டினார். அந்த எண்ணைக் கேட்டுக் கைதட்டிய முதல் மனுஷி.

5 அக்டோபர், ஞாயிறு

சுங்கை சோவில் போட்டி. மூன்றாம் இடம். நான் வரிசையில் நான்காவது ஆள்.

உள்ளங்கையில் தோல் உரிந்து, விரல்கள் இன்னும் மடங்கியே இருக்கின்றன. பேனாவை அதற்குள் செருகிக்கொண்டுதான் எழுதுகிறேன். முதல் இழுப்பில் கயிற்றின் நடுக்குறி எங்கள் பக்கம் வந்தபோது யாரோ பெரிதாகக் கத்தினார்கள். யார் என்று திரும்பிப் பார்க்கப் போனேன் — நான்தான்.