தோட்டாப் பெட்டியும் மல்லாட்டையும்

திண்டிவனம்
20-11-1957

அன்புள்ள அப்பாவுக்கு,

விழுப்புரத்தில் அத்தை வீட்டுச் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா?

தகடு அழுத்தும் பிரஸ் மெஷினைப் பழைய இரும்புக்குப் போடச் சொல்லி எழுதியிருந்தீர்கள். போடவில்லை. அடித்தாலும் போடமாட்டேன். அடிக்க நீங்கள் இங்கே வரவேண்டுமே.

ராணுவம் தோட்டாப் பெட்டி ஆர்டரை நிறுத்தி, நீங்கள் சொல்லாமல் கிளம்பிய மறுவாரம், சர்க்கார் சிறுதொழில் ஆபீசர் வந்தார். அதே மெஷினில் வேர்க்கடலை விதை டப்பா செய்யச் சொல்லித் தகடும் வாங்கித் தந்தார். நம் பட்டறைத் தைலம்மாள் அக்கா, தோட்டாப் பெட்டியைச் சோதித்த பழைய பழக்கத்தில் ஒவ்வொரு டப்பாவையும் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி, குமிழி விட்டதையெல்லாம் ஒதுக்கினார்.

"ஏம்மா, மல்லாட்டைதானே? வெடிக்கவா போவுது?" என்றார் ஆபீசர்.

"மொளைக்கணுமே சார்," என்றேன்.

போன மழையில் மயிலத்துக்காரர் ஒருவரின் வீட்டுக்குள் வெள்ளம். மூன்று நாள் தண்ணீரில் கிடந்த நம் டப்பாவில் விதை நனையவில்லை. இப்போது அவர் ஊரே நம் வாசலில் நிற்கிறது. ஆபீசரும் இன்னும் நூறு டப்பா கேட்கிறார், அமுக்கிப் பார்த்ததாகவே வேண்டுமாம்.

"மொதலாளி எங்க?" என்று வருகிறவர்கள் கேட்கிறார்கள். தகடு வாங்கப் போயிருப்பதாகச் சொல்லி வைத்திருக்கிறேன். அந்தப் பொய்யை எத்தனை நாள் அமுக்குவேன்? குமிழி வந்துவிடும்.

அம்மா எதுவும் எழுதச் சொல்லவில்லை.

இப்படிக்கு,
மெஷினை விற்காத மகள்