விரதக்காரரும் வல்லூறும்

நேற்று மாலை நம் தொடர்மாடிச் செயலாளர் என் கதவைத் தட்டி ஒரு பொலித்தீன் பையை நீட்டினார். உள்ளே புறாவின் சிறகொன்றும் சதை ஒட்டிய எலும்புகளும். மொட்டைமாடியில் காயப்போட்ட உடுப்புகளின் மேல் கிடந்தனவாம்.

"உங்கட கூட்டாளி இருந்த காலத்தில இப்பிடி ஒரு அசிங்கமும் இல்லை. இந்த வருஷம் எங்கயோ இருந்து ஒரு பருந்து வந்து குந்தியிருக்குது. லிப்ட் அறைக்கு மேல முள்ளுக்கம்பி அடிக்கப் போறம்."

எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். வந்துவிட்டதே! அடுத்த கணம் உம்மைத்தான் நினைத்தேன், கூட்டாளி. அதை முதலில் காண வேண்டியவர் நீரல்லவா?

பருந்து என்று சொன்னால் உமக்குக் கோபம் வரும். "வல்லூறு ஐசே. வடக்க பனி தொடங்க, கடலெல்லாம் தாண்டி வெள்ளவத்தைக்கு வருது. ஒரு மரியாதை வேண்டாமே?" என்பீர். வலக்காலில் ஒரு நகம் இல்லாததை வைத்து, வருடாவருடம் வருவது அதே பறவைதான் என்று கண்டுபிடித்தவரும் நீர்தான். அது வந்த நாள், போன நாள், தின்ற பறவை எல்லாவற்றையும் படத்தோடு பறவைக் கணக்கெடுப்புக்காரருக்கு அனுப்புவீர். படம் எடுத்து முடிந்தால் எலும்பு பொறுக்கல். வாளியும் தும்புத்தடியுமாகப் பின்னால் வருவது என் வேலை. மற்றவர்கள் எழும்பி வருமுன் தரையைக் கழுவிவிட வேண்டும். "சனம் கண்டால் அதை இருக்க விடாது" என்பீர்.

கந்தசஷ்டிக்கு மிளகும் தண்ணீருமாக இருந்த நாட்களிலும் நீர் விடவில்லை. முட்டைகூடத் தொடாத மனிதர், வெறும் வயிற்றோடு புறாக்குடலை அள்ளிப் பையில் போடுவீர். மீன் இல்லாமல் சோறு இறங்காத எனக்கே குமட்டும். "விரதம் எனக்குத்தானே ஐசே, அதுக்கில்லையே" என்று சிரித்துவிட்டுக் குளிக்கப் போவீர். பிறகு கோயில்.

ஆவணியில் நீர் கண்ணை மூடியபின் நான் மொட்டைமாடிக்கு ஏறவேயில்லை. மனம் வரவில்லை.

செயலாளரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அவர் சுத்த சைவமெல்லோ?"

"ஓம். கம்பி வேண்டாம். இனி நான் கழுவுறன்."

"சரி. ஆனா ஒரு நாள் பிந்தினாலும் கம்பி அடிச்சுப் போடுவம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இன்று விடிய வாளியோடு ஏறினேன். லிப்ட் அறையின் விளிம்பில் வல்லூறு இருந்தது. என்னைக் கண்டதும் உடம்பை ஒடுக்கிச் சிறகை அரைவாசி விரித்தது. பறந்தால் திரும்பி வராதோ என்ற பயத்தில் அசையாமல் நின்றேன். நல்ல நேரம், சிறகை மடக்கிக்கொண்டு மறுபடி கடலைப் பார்த்தது.

"இருக்குது ஐசே!" என்று வாய்விட்டுச் சொல்லித் திரும்பினேன். பக்கத்தில் நீர் இல்லை. வாளியைக் கீழே வைத்துவிட்டு அழுதேன். பிறகு குனிந்து முதல் எலும்பைக் கையால் எடுத்தேன்.