சில மாத மூச்சு

திருமுல்லைவாயில்
9.6.2024

அன்புள்ள ஷாகிதாவுக்கு,

சாமுண்டீஸ்வரி எழுதுவது. ஆஸ்பத்திரியில் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் கிடந்து, யார் யாருடைய நுரையீரலையோ வாங்கிக்கொண்டு வீடு திரும்பியவர்கள் நாம். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நாலு வார்த்தை பேசினால் இருமல் வந்துவிடுகிறது. வாட்ஸ்அப்பில் எழுதினால் வினோத் படித்துவிடுகிறான். பெற்ற பிள்ளைதான், ஆனாலும் அவன் படிப்பான் என்றால் எல்லாம் நன்றாக இருக்கிறது என்றே எழுத வேண்டியிருக்கிறது. அதனால்தான் தபால்.

வீட்டில் ஊதிப் பார்க்கிற கருவியில் எண் இறங்கிக்கொண்டே வந்தது. மூச்சு விட்டால் விசில் சத்தம். உள்ளே குழாய் விட்டுப் பார்த்தார்கள். புது நுரையீரலை என் மூச்சுக்குழாயோடு சேர்த்துத் தைத்த இடம் சுருங்கிவிட்டதாம். நுரையீரலுக்கு ஒன்றுமில்லை, காற்று போகிற வழிதான் அடைபடுகிறது. பலூன் வைத்து விரித்தார்கள். திரும்பவும் சுருங்கிவிட்டது.

இனி ஸ்டென்ட். இரும்பு இல்லையாம். தையல் போடுகிற நூல் மாதிரி ஒன்றால் பின்னிய வலைக்குழாய். சில மாதத்தில் தானாகவே கரைந்துவிடுமாம்.

"கரைஞ்ச பிறகு?" என்று டாக்டர் கவிப்பிரியாவைக் கேட்டேன்.

"அதுக்குள்ள உங்க குழாய் விரிஞ்சே இருக்கப் பழகிக்கணும்மா."

"பழகலன்னா?"

"அப்போ பார்க்கலாம்." என் முகத்தைப் பார்க்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நல்ல பெண். பொய் சொல்ல வரவில்லை.

வெளியே வந்ததும் இவர், "இன்னா சாமு, நூலுதானே? அம்பத்தூர் தையல் கம்பெனில நீ பாக்காத நூலா?" என்றார். சிரித்துவிட்டேன். அப்புறம் இருமி முடிக்க வெகுநேரம் ஆனது.

உன் துஆவில் என்னையும் சேர்த்துக்கொள்.

அன்புடன்,
சாமுண்டி


சென்னீர்குப்பம்
19.6.2024

அன்புள்ள அக்காவுக்கு,

இவ்வளவு நடந்திருக்கிறது, இப்போதுதான் சொல்கிறீர்கள். வருத்தம்தான். உங்களோடு சண்டை போட இப்போது எனக்குத் தெம்பு இருக்கிறது என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஐ.சி.யூ.வை விட்டு வந்த புதிதில் நான் நடக்க மாட்டேன் என்று அழுதபோது, "எழுந்திரு ஷாகிதா, நான் சூப்பர்வைசர், என்கிட்ட லீவு கிடையாது" என்று அதட்டினீர்களே. அந்த அதட்டலில் எழுந்து நடந்தவள்தான் இன்று மகள் ரூஹியை வேலப்பன்சாவடி காலேஜுக்கு அனுப்பப் பஸ் நிறுத்தம் வரை போய் வருகிறேன். ரூஹியின் அத்தா நான் போய்த் திரும்புகிற வரை கடை வாசலிலேயே நிற்கிறார்.

எனக்கு மட்டும் நல்லது நடந்தால் போதாது, அக்கா. உங்களுக்கும் சரியாகிவிடும், பாருங்கள்.

உங்கள்
ஷாகிதா


திருமுல்லைவாயில்
25.8.2024

அன்புள்ள ஷாகிதாவுக்கு,

மூச்சு என்பது இவ்வளவு பெரிய விஷயமா? ஸ்டென்ட் வைத்து மயக்கம் தெளிந்ததும் தெரிந்துவிட்டது. யாரோ ஜன்னலைத் திறந்துவிட்ட மாதிரி இருந்தது.

முதுகைச் சாய்த்து, கட்டிலில் மட்டமாகப் படுத்துத் தூங்குகிறேன். தண்ணி லாரிக்காரனிடம் மாடியில் நின்றபடியே சண்டை போட்டேன். பாதியில் நிறுத்தி மூச்சு வாங்காமல், ஒரே தம்மில். அவன் பயந்து இன்னும் ரெண்டு குடம் பிடித்துக்கொள்ளச் சொன்னான். போன வாரம் வீட்டில் சொல்லாமல், மாஸ்க் போட்டுக்கொண்டு ரயில் ஏறி ஆவடி போனேன். எதற்கு என்று கேட்காதே. ஒரு வேலையும் இல்லை. பிளாட்பாரத்தில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பி வந்தேன். வினோத் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தான். "உனக்கு இன்னா அறிவு இல்லையாம்மா?" என்று கத்தினான். நானும் திருப்பிக் கத்தினேன். ரெண்டு பேரும் தெருவே கேட்கிற மாதிரி கத்தி முடித்த பிறகு, அவன் உள்ளே போய்த் தேம்பி அழுதான். நான் கத்திக் கேட்டு ரொம்ப நாளாகிவிட்டதாம்.

அன்புடன்,
சாமுண்டி


திருமுல்லைவாயில்
8.1.2025

ஷாகிதாவுக்கு,

உன் கடிதங்கள் வந்தன. பதில் எழுத மனசு இல்லை.

தீபாவளிக்கு முன்பே நூல் துண்டு துண்டாக இருமலில் வர ஆரம்பித்தது. கரையத்தான் வேண்டும், அதுதான் கணக்கு. ஆனால் அது கரைந்ததும் குழாய் பழையபடி சுருங்கிவிட்டது. இரண்டாவது வைத்தார்கள். அது முழுசாகக் கரையும் முன்பே சளி கட்டி, கிருமி வந்து, ஆஸ்பத்திரியிலேயே கிடந்தேன்.

இப்போது சுருக்கம் கீழே கிளைக் குழாய்கள் வரை போய்விட்டதாம். மூன்றாவது ஸ்டென்ட் வைக்க இடமே இல்லை. வேறு நுரையீரலா என்றால், இந்த உடம்பு தாங்காது என்கிறார்கள். டாக்டர் கவிப்பிரியா இந்தத் தடவை திரையைப் பார்க்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

சரியாகிவிடும் என்று எழுதாதே.

சாமுண்டி


சென்னீர்குப்பம்
2.2.2025

அன்புள்ள அக்காவுக்கு,

இதை உங்களுக்கு எழுதலாமா என்று பல நாள் யோசித்தேன். வேறு யாரிடம் கேட்பேன்?

எனக்கும் விசில் சத்தம் வருகிறது. பார்த்துவிட்டார்கள். அதே இடம், அதே சுருக்கம். பலூன் நிற்கவில்லை. உங்களுக்கு வைத்த அதே ஸ்டென்ட்டை வைக்கலாம் என்கிறார்கள். வீட்டில் எல்லாரும் சரி என்கிறார்கள். நான்தான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. உங்கள் கடிதங்களை வரிசையாக வைத்துத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். முதலில் ஆகஸ்ட் கடிதம், அப்புறம் ஜனவரி கடிதம். ஒன்று வை என்கிறது, ஒன்று வேண்டாம் என்கிறது.

நீங்கள் சொல்வதைக் கேட்பேன். வேண்டாம் என்றால், வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டுவிடுவேன்.

உங்களை இந்த நிலைமையில் கேட்கிறேன். மன்னித்துக்கொள்ளுங்கள்.

உங்கள்
ஷாகிதா


திருமுல்லைவாயில்
12.2.2025

ஷாகிதாவுக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் கோபம்தான் வந்தது. ஆக்சிஜன் குழாயை மூக்கில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவளிடம் வந்து கேட்கிறாளே என்று. இவரிடம் சொன்னேன். "அந்தப் பொண்ணுக்கு உன்னை விட்டா யார் கீறாங்க?" என்றார்.

நிறுத்தி நிறுத்தித்தான் எழுதுகிறேன். போட்டுக்கொள். உனக்கு நிற்குமா என்று எனக்குத் தெரியாது, அவர்களுக்கும் தெரியாது. சிலருக்கு நின்றிருக்கிறது. எனக்கு நிற்கவில்லை. நிற்காவிட்டாலும் சில மாதம் கிடைக்கும். அந்தச் சில மாதத்தை வைத்துக்கொள்கிறாயா, வேண்டாமா என்று இன்னொரு தடவை என்னைக் கேட்டால், வைத்துக்கொள்கிறேன் என்றுதான் சொல்வேன். முடிந்த பிறகு இப்படி இருக்கும் என்று தெரிந்தும் சொல்வேன். அது போகும்போது, வருவதற்கு முன் இருந்ததை விட மோசமாக இருக்கும். அதையும் தெரிந்துகொண்டு போட்டுக்கொள்.

ஒன்று மட்டும். வைத்த பிறகு, நன்றாக மூச்சு விடுகிறேன், நடக்கிறேன் என்று எனக்கு எழுதாதே. உன் மேல் பொறாமை இல்லை என்று சொல்ல ஆசைதான். ஆனால் இருக்கிறது. என் தங்கை மாதிரி நீ. அப்படிப்பட்டவள் மேல் இப்படி ஒன்றை மனசில் வைத்துக்கொண்டு போக எனக்கு விருப்பமில்லை.

சாமுண்டி


சென்னீர்குப்பம்
6.4.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் சொன்னபடி செய்தேன். எழுத வேண்டாம் என்று சொன்னதை எழுதவில்லை.

மற்றதை எழுதுகிறேன். நோன்புக் கஞ்சி இந்த வருஷம் நன்றாக இருந்தது என்று எல்லாரும் சொன்னார்கள். பெருநாள் முடிந்துவிட்டது. ரூஹிக்குப் பரீட்சை நெருங்குகிறது. எங்கள் தெருவில் ரோட்டை மறுபடி தோண்டிப் போட்டிருக்கிறார்கள், அவர் கடைக்கு ஆள் வருவது குறைந்துவிட்டது.

நேற்று அவர் என்னை உங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தார். வீரராகவன் அண்ணன் கீழே இறங்கி வந்தார். "கடுதாசி வந்தா வாங்கித் தலகாணிக்குக் கீழ வச்சிக்கிறா. பிரிக்க மாட்றாம்மா" என்றார். இதையும் அப்படித்தான் வைத்துக்கொள்வீர்கள். பரவாயில்லை. "மேல வாம்மா, ஒரு தடவ பாத்துட்டுப் போ" என்று ரொம்பவும் கூப்பிட்டார். நான் மாடிப்படியின் கீழேயே நின்றேன். மேலே நீங்கள் இருமுவது கேட்டது. இருமல் அடங்கி அடுத்த மூச்சு வருகிற வரை நின்று கேட்டுவிட்டுத்தான் ஆட்டோவில் ஏறினேன்.

ஏன் வரவில்லை என்று நீங்கள் நினைக்கக் கூடாது, அக்கா. அத்தனை படி ஏறி உங்கள் முன்னால் வந்து நின்றால், எனக்கு மூச்சு வாங்கியிருக்காது.

உங்கள்
ஷாகிதா