கடையில் மிஞ்சிய குண்டு மானிட்டர்

பகாவ்,
நெகிரி செம்பிலான்.
ஞாயிறு காலை.

அன்பு நண்பன் ரஜீவனுக்குத் திருச்செல்வம் எழுதிக்கொள்வது.

நேற்று மாலை உன் மகள் தர்மினி என் கடையில் வைத்து, கம்ப்யூட்டர் துப்பாக்கிச் சண்டை கேமில் என்னைப் பதினாறுக்கு மூன்று என்று தோற்கடித்தாள். அந்த மூன்றும் அவள் பாவம் பார்த்து விட்டுக் கொடுத்தது. சுட வேண்டிய நேரத்தில் தண்ணீர் குடித்தாள், எனக்குத் தெரியாதா?

இதைப் போனில் சொல்லக்கூடாதா என்பாய். சொல்லிப் பார்த்தேனே. தர்மினி என்றால் கேட்கிறாய். கேம் என்றால் உடனே லைன் சரியில்லை என்று வெட்டிவிடுகிறாய். நியூசிலாந்துப் பால் தொழிற்சாலையில் மின்சாரத்தையே நீதான் பார்த்துக்கொள்கிறாய், உன் போன் லைன் மட்டும் அப்படி அறுந்து அறுந்து போகுமா? கடிதத்தை வெட்ட முடியாது. உன் வீட்டுக்காரி இந்துஜா உனக்குக் கம்பளிச் சட்டை அனுப்பும் பார்சலில் இதையும் வைக்கச் சொல்லியிருக்கிறேன். கோபம் வந்தால் மடித்து வைத்துவிட்டு நாளைக்குப் படி. ஆனால் படி.

முதலில் வீட்டுச் செய்தி. இந்துஜா நன்றாக இருக்கிறாள். கிளினிக்கில் வேலை அதிகம், அதனால் கொஞ்சம் இளைத்திருக்கிறாள். உங்கள் வீட்டுக் கூரைத் தகரம் காற்றில் தூக்கிக்கொண்டது. கூரை வேலை செய்கிற சன்னாசியை அனுப்பிச் சரி செய்தாயிற்று, நீ அதற்காக ஒன்றும் அனுப்ப வேண்டாம். நாம் பிறந்த எஸ்டேட்டில் லயன் வீடுகளை இடித்துவிட்டார்கள். எஸ்டேட் கணக்கெழுதிய உன் தாத்தா கந்தையா கிராணி இருந்த பங்களா மட்டும் நிற்கிறது, உள்ளே உர மூட்டை அடுக்கியிருக்கிறார்கள். ரப்பர் பால் மரம் வெட்டியவன் மகன் நான் அந்த வாசலில் ஒரு நாளும் செருப்போடு நின்றதில்லை. போன வாரம் அந்தப் பக்கம் போனபோது, ஆளே இல்லாத வீட்டின் முன்னால் என்னை அறியாமல் செருப்பைக் கழற்றிவிட்டேன். எனக்கே சிரிப்பு வந்தது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். மாநிலப் பள்ளி மாணவர் கேம் அணிக்கு ஆள் எடுக்கிறார்கள், அடுத்த மாதக் கடைசியில் சிரம்பானில் தேர்வு. தர்மினியைக் கூப்பிட்டிருக்கிறார்கள். இந்துஜா சரி என்கிறாள், பள்ளிக்கூடத்தில் சரி என்கிறார்கள். நீ மட்டும் வேண்டாம் என்கிறாய். அப்பா சரி சொல்லாமல் போக மாட்டேன் என்று பிள்ளை பிடிவாதமாக இருக்கிறாள். படிப்பு கெடும் என்று நீ சொல்லியிருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். நீ அப்படிச் சொல்லவில்லை. "எங்கட கைக்கு அது வராது பிள்ளை. கடைசி நேரத்தில கை பிந்தும். அப்பாவுக்கு நடந்தது போதும்" என்றாயாம். மனம் நொந்தால் உனக்கு உன் தாத்தாவின் யாழ்ப்பாணத் தமிழ் வந்துவிடும். அதனால் இது நீ விளையாட்டாகச் சொன்னதில்லை என்று புரிந்துகொண்டேன்.

அந்தப் பேச்சுக்குத்தான் பதில் எழுதுகிறேன்.

நான் மானிட்டர் விற்பவன் என்பது உனக்குத் தெரியும். இப்போது எல்லாரும் கேட்பது ஒன்றுதான். வினாடிக்கு அறுபது தடவை படம் மாறுகிற சாதாரணத் திரை வேண்டாம், நூற்று நாற்பத்து நாலு வேண்டும், இருநூற்று நாற்பது வேண்டும். இது ஆட்டத்துக்கு உதவுமா என்று கேட்டால், உதவும் என்று சொல்லி விற்பேன். வியாபாரம். உன் மகள் என்ன கேட்டாள் தெரியுமா? "அங்கிள், இது உண்மையிலேயே வேலை செய்யுதா, இல்ல விக்கிறதுக்காக நீங்க அடிச்சு விடுறீங்களா?" இத்தனை வருஷத்தில் ஒரு வாடிக்கையாளரும் என்னிடம் இப்படிக் கேட்டதில்லை. அப்பன் புத்தி.

அவளிடம் சொன்னதை உனக்கும் சொல்கிறேன். ரெம்பாவ் பிரேமநாதன் வாத்தியாரை உனக்கு நினைவிருக்கும். மகனுக்கென்று பெரிய நம்பர் மானிட்டர் வாங்கிப் போனார். ஆறு மாதம் கழித்துக் கடைக்கு வந்து, "செல்வம், என்னா சாமான் லா அது! வெண்ணெய் மாதிரி வழுக்குது" என்று ஆட்கள் முன்னால் புகழ்ந்தார். வேறு வேலையாக அவர் வீட்டுக்குப் போனபோது திறந்து பார்க்கிறேன், செட்டிங் அறுபதிலேயே கிடக்கிறது. மாற்றவே இல்லை. நான் மூச்சு விடாமல் மாற்றி வைத்துவிட்டு வந்தேன். மறுவாரம் போன் செய்கிறார்: "அலாமா, தலை சுத்துது லா, பழைய மாதிரி ஆக்கிக் கொடு!"

நல்லசாமி அண்ணன் கதை வேறு. அவர் வீடு எஸ்டேட்டுக்குள்ளே, செம்பனைத் தோப்புக்கு அந்தப் பக்கம். தனக்கே ஒன்று வேண்டும் என்று வந்தார். ரிட்டையர் ஆனபிறகு அவருக்கு அதுதான் பொழுதுபோக்கு. "அண்ணே, மழை வந்தா உங்க வீட்டு நெட்டு நனைஞ்சிடுது. மொதல்ல லைனப் பாருங்க, மானிட்டர அப்புறம் பாக்கலாம்" என்றேன். லைன் தடுமாறினால் எந்தத் திரையாலும் ஒன்றும் ஆகாது, எதிரி வருவது அவர் வீட்டுக்கே பிந்தித்தான் போய்ச் சேரும். அவர் கேட்கவில்லை. வேறு கடையில் வாங்கினார், மழைக்காலம் முடிவதற்குள் என்னிடமே கொண்டுவந்து தள்ளிவிட்டார். நானும் பாதி விலைக்கு எடுத்துக்கொண்டேன். நண்பருக்கு நல்லது சொல்வேன், அதற்காக வியாபாரத்தை விடுவேனா?

இதையெல்லாம் கேட்டுவிட்டு உன் மகள், "சரி அங்கிள், அப்ப நல்லா ஆடுற ஆளுக்கு? லைனும் நல்லா இருந்தா?" என்றாள். எனக்கே நிச்சயமாகத் தெரியவில்லை. சோதித்துப் பார்த்துவிடுவோம் என்றேன். நல்லசாமி அண்ணன் தள்ளிவிட்ட மானிட்டரை வைத்து, அவளைத் திரும்பி நிற்கச் சொல்லி, அறுபதுக்கும் நூற்று நாற்பத்து நாலுக்கும் மாற்றி மாற்றிப் போட்டேன். எது என்று சொல்லவில்லை. உட்கார்ந்து மவுஸை இரண்டு இழுப்பு இழுப்பாள், சொல்லிவிடுவாள். ஒரு தடவையும் தவறவில்லை. அறுபதில் ஆடும்போது அவள் சுடுவதெல்லாம் ஓடுகிறவனுக்கு ஒரு முழம் பின்னால் விழுந்தது. அவள் கையை நான் கவனித்தேன், இரண்டு திரையிலும் கையின் வேகம் ஒன்றுதான். கண்ணுக்குக் காட்டுவதில்தான் திரை சுணங்குகிறது.

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது, ரஜீவா. அந்த ஒரு முழத்தை நான் முன்பே பார்த்திருக்கிறேன்.

ஸ்டோரில் நம்முடைய அந்தக் கால முதுகு புடைத்த குண்டு மானிட்டர் ஒன்று இன்னும் இருக்கிறது. பன்னிரண்டில் பதினொன்றை விற்றுவிட்டேன். அது மட்டும் யாரும் எடுக்காமல் மீன் தொட்டிக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது. சிரம்பானில் ஒரு ஆபீஸ் மூடுகிறது என்று கேள்விப்பட்டு நாம் போய் அள்ளிக்கொண்டு வந்தோமே, அதில் ஒன்று. புக்கிட் புத்துஸ் மலை வளைவுகளில் காய்கறி லாரியின் பின்னால் உட்கார்ந்து, ஆளுக்கு ஆறை அணைத்துப் பிடித்துக்கொண்டு வந்தோம். ஒவ்வொரு வளைவிலும் நீ உன் குல தெய்வத்தைக் கூப்பிட்டாய், நான் லாரிக்காரனைத் திட்டினேன். நாம் இருவரும் அந்த கேம் கடையைத் திறந்த முதல் வாரமே ஃபெல்டா குடியேற்றப் பையன்களும் எஸ்டேட் பையன்களும் பள்ளிச் சட்டையோடு வந்து குவிந்தார்கள். அணைத்த மானிட்டரின் கண்ணாடியில் கையை வைத்தால் முடியெல்லாம் சிலிர்த்து நிற்கும். "ஹந்து, ஹந்து" என்று பேயைக் கண்ட மாதிரி அலறுவார்கள். ஐஸ் மைலோ பையை மானிட்டர் காதில் மாட்டிவிட்டு ஆடுவார்கள், நீ ஒவ்வொருவனாகப் பிடித்துத் தலையில் குட்டுவாய். இரவு கடையைச் சாத்தியதும் மவுஸ் உருண்டைகளைக் கழற்றி நகத்தால் அழுக்கைச் சுரண்டுவாய். கிராணி வீட்டுப் பிள்ளைக்கு என்ன தலையெழுத்து என்று உன் அம்மா வாசலில் வந்து நின்றுவிட்டுப் போவார். உன் மவுஸுக்கு அடியில் என் அப்பா கொடுத்த ரப்பர் ஷீட், அதன் மேல் கிழிந்த ஜீன்ஸ் துணியை ஒட்டி வைத்திருந்தாய். வெயில் நேரத்தில் நாறும். அதன் மேல்தான் நீ இந்த ஜில்லா முழுவதையும் அடித்தாய்.

பிறகு தட்டைத் திரை வந்தது. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் அந்தப் புதுக் கடை அதைப் போட்டதும் கூட்டம் அங்கே போனது. "செல்வம், சனம் எல்லாம் ஃபிளாட்டுக்குப் போயிட்டுது, நாங்கள் மட்டும் டிவிப் பெட்டி வச்சிருக்கிறம்" என்று நீதான் ஒற்றைக்காலில் நின்றாய். எனக்கு மனசில்லை, ஆனாலும் மாற்றினோம். மாற்றியிராவிட்டால் கடையே இருந்திருக்காது, அதனால் அது சரியான முடிவுதான், இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன். ஆனால் மாற்றிய இரண்டே வாரத்தில் சிரம்பான் போட்டியின் இறுதி ஆட்டம் வந்தது, புதுத் திரையோடு போனோம்.

அன்று நீ சுட்டதெல்லாம் ஒரு முழம் பின்னால் விழுந்தது.

போர்ட்டிக்சன் பையன்கள் ஒரு வருஷமாகத் தட்டைத் திரையிலேயே ஆடிப் பழகியவர்கள், எவ்வளவு முந்திச் சுட வேண்டும் என்று அவர்கள் கைக்குத் தெரியும். உன் கை நாலு வருஷம் குண்டு மானிட்டரில் பழகியது. திரும்பி வருகிற வழியெல்லாம் வேனில் இரண்டு கையையும் முட்டிக்கு நடுவில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். "கை பிந்துது செல்வம்" என்று ஒரு தடவை சொன்னாய். அவ்வளவுதான். மறுநாள் வேலைக்கு மனுப் போட்டாய். மவுஸை அதற்குப்பின் நீ தொடவே இல்லை. பிறந்த பிள்ளையைத் தூக்கும்போதுகூட, "நீ பிடி, என் கை நம்பிக்கை இல்லை" என்று இந்துஜாவிடம் சொன்னாயாம். நேற்றுத்தான் இதை அவள் சொன்னாள். வேடிக்கையாகச் சொன்னாய் என்று இத்தனை நாள் நினைத்திருந்தாளாம்.

நேற்று மீன் தொட்டியை இறக்கி வைத்துவிட்டு அந்தப் பெட்டியைத் தூக்கி வந்து, துடைத்து, நடுவில் ஒரு கன்வெர்ட்டர் போட்டு மாட்டினேன். எரியுமோ எரியாதோ என்று இருந்தது. அந்தப் பழைய 'டிங்' சத்தத்தோடு எரிந்தது. செட்டிங்கைத் திறந்தால் நூறு என்று வாங்கிக்கொள்கிறது. நூறு! அந்தக் காலத்தில் யார் இதையெல்லாம் பார்த்தோம்? உன் மகளை உட்கார வைத்தேன். முதலில், "என்னா அங்கிள் இது, மைக்ரோவேவா?" என்று கிண்டல் பண்ணினாள். இரண்டு இழுப்பு இழுத்தாள். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டாள். பிறகு, "அங்கிள், படம் கொஞ்சம் மங்கலா இருக்கு, ஆனா கையோடயே ஒட்டிக்கிட்டு வருது லா. அந்தப் பழைய ஃபிளாட்டை விட இது எவ்வளவோ மேல். அப்பா இதுலயா ஆடினாங்க?" என்றாள். ஆமாம் என்றேன். "அப்புறம் ஃபிளாட்டுக்கு மாத்தினீங்களா?" என்றாள். அதற்கும் ஆமாம் என்றேன். அந்தக் கண்ணாடியில் கையை வைத்துப் பார்த்தாள். "அப்பாவுக்கு இது தெரியுமா?" என்று கேட்டாள்.

அதனால்தான் எழுதுகிறேன்.

குண்டு மானிட்டரோடு போயிருந்தால் நீ அன்று ஜெயித்திருப்பாய் என்று நான் சொல்ல மாட்டேன். அந்தப் பையன்களும் நன்றாகத்தான் ஆடினார்கள். நல்ல மானிட்டர் மந்தமானவனைச் சூரனாக்காது. எனக்கு எந்தத் திரையைக் கொடுத்தாலும் மூன்றுக்கு மேல் வராது. ஆனால் உன் கை பிந்தவில்லை, ரஜீவா. அந்தத் திரை பிந்தியது. மூன்றாவது வாரம், நாலாவது வாரம் என்று ஆடியிருந்தால் கை அதையும் கற்றுக்கொண்டிருக்கும். இது தெரியாமல் பத்தொன்பது வருஷம் அந்தக் கையைக் குறை சொல்லிக்கொண்டிருக்கிறாய். இப்போது அதே குறையைப் பிள்ளையின் கைக்கும் எழுதி வைக்கிறாய். அதை மட்டும் செய்யாதே. அவள் தோற்றால் தோற்றுவிட்டு வரட்டும். யாராவது சொன்னதற்காகத் தோற்க வேண்டாம்.

நல்லசாமி அண்ணனின் மானிட்டரைத் தேர்வு வரைக்கும் வீட்டுக்கு எடுத்துப் போ என்றேன். சும்மா வாங்க மாட்டேன் என்றாள். பிறகு நானும் அவளும் கவுண்டரில் உட்கார்ந்து பேரம் பேசினோம். உன்னைப் போல் இல்லை, விட்டுக்கொடுக்காமல் பேசுகிறாள். நல்லா இருக்கட்டும். அவள் கையும் உன் கையும் நல்லா இருக்கட்டும்.

பேசி முடித்தது இது. நீ சரி என்றால் மானிட்டர் அவளுக்கு. வேண்டாம் என்றால் அவளே கொண்டுவந்து வைத்துவிடுவாள், நான் உன்னிடம் அதைப் பற்றி இனி வாயைத் திறக்கக் கூடாது. விலை, தீபாவளிக்கு நீ பகாவ் வந்து என்னோடு ஆடுகிற ஒரே ஓர் ஆட்டம், பதினாறு வரைக்கும். உன் சார்பில் உன் மகள் கை கொடுத்துவிட்டாள். குண்டு மானிட்டர் உனக்கு. தட்டைத் திரை எனக்கு.

உன் வரவை எதிர்பார்க்கும்,
திருச்செல்வம்.