நான்காம் அத்தியாயத்தை எடுக்கச் சொன்னார்கள்

பிப்ரவரி 4

டாக்டர் நான்காம் அத்தியாயத்தைத் திருப்பிக் கொடுத்தார். உள்ளே ஒரு திருத்தமும் இல்லை. முதல் பக்கத்தின் தலையில் ஒரு கேள்விக்குறி, அவ்வளவுதான்.

இவர்தான் என் ஆய்வேட்டுக்கு இரண்டாவது வழிகாட்டி. மகளிரியல் பல துறைகள் சேர்ந்த படிப்பு என்பதால் வேறு துறையிலிருந்தும் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். பன்னிரண்டு வருஷம் பிரசவ வார்டில் நர்ஸாக நின்று, படிப்பு விடுப்பில் வந்திருக்கும் எனக்கு மகப்பேறு டாக்டரே கிடைத்தார் என்று துள்ளினேன். அசடு.

நாற்பத்தொரு பெண்கள் பிரசவ மேசையில் கேட்ட வசவு, வாங்கிய அடி, மரத்துப்போக ஊசி போடாமலே போட்ட தையல். அவர்கள் சொன்னதுதான் அந்த அத்தியாயம்.

"சிஸ்டர், இது மருத்துவமா, கதையா? வலியில கத்திக்கிட்டு கிடக்கிறவங்களுக்கு என்ன ஞாபகம் இருக்கப்போகுது?"

இருக்கிறது ஐயா. உள்ளே யார் யார் சிரித்தார்கள் என்பது வரைக்கும் இருக்கிறது. இதை அங்கே சொல்லாமல் இங்கே எழுதுகிறேன். வெட்கம்.

பிப்ரவரி 5

கொழுந்தன் வந்திருந்தான். "பொம்பளைங்களைப் பத்திப் படிக்க ஒரு பொம்பளைக்கு எதுக்கு அண்ணி ரெண்டு வருஷம்?" என்றான்.

"உங்க அண்ணனைப் புரிஞ்சிக்கவே பதினாலு வருஷம் ஆச்சு. ரெண்டு கம்மிதான்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிப்ரவரி 11

வேறு யாராவது கையெழுத்துப் போடுவார்களா என்று துறை துறையாக ஏறி இறங்கினேன். சமூகவியலில், "ஆஸ்பத்திரி விஷயம்னா மருத்துவத்துல கேளுங்க." புள்ளியியலில், நாற்பத்தொன்று ஒரு எண்ணிக்கையே இல்லையாம். சட்டத்துறை ஆசிரியை மட்டும் உட்காரச் சொன்னார். முழுக்கக் கேட்டார். "யாராவது புகார் குடுத்திருக்காங்களா? இல்லேன்னா அடிச்சது யாருன்னாவது இருக்கா? ரெண்டும் இல்லாம இது எங்க பக்கம் வராதும்மா" என்றார்.

ஒருத்தி தொடையில் விழுந்த அடி. அது எந்தப் பாடம் என்று தெரியாமல் ஆளுக்கொரு வாசலைக் காட்டுகிறார்கள். பல துறை சேர்ந்த படிப்பாம்! ஆளுக்காள் நாட்டாமை, சுமக்க மட்டும் ஆளில்லை.

பிப்ரவரி 18

மேடம் கூப்பிட்டார். எங்கள் துறைத்தலைவி, என் முதல் வழிகாட்டி. அவர் பேச்சைக் கேட்டுத்தான் நான் இந்தப் படிப்புக்கே வந்தேன்.

"அந்த அத்தியாயத்தை எடுத்துடும்மா. முன்னுரையில ரெண்டு வரி போட்டுக்கலாம்."

"நீங்களா மேடம் சொல்றீங்க?"

"டாக்டர் கையெழுத்து போட மாட்டேங்கிறார். மருத்துவக் கல்லூரி நம்மகூட இருக்கிறதாலதான் இந்தத் துறையை இன்னும் மூடாம விட்டு வச்சிருக்காங்க. இருபது வருஷமா ஒத்தையா இழுத்துட்டு வரேன். உனக்கு அது புரியாது."

முதல் வகுப்பில் இவர் பலகையில் எழுதியது என் நோட்டில் இருக்கிறது: சொல்லவிடாமல் செய்ததுதான் நம் பாடம். அதே கை இன்று என் தாள்களை ஒழுங்காக அடுக்கி, விளிம்பைத் தட்டிச் சரிசெய்து, என் பக்கம் தள்ளிவிட்டது.

துறை இருக்கும். பாடம்தான் இருக்காது. நன்றாக இருங்கள்.

பிப்ரவரி 19

எடுக்க மாட்டேன்.

பிப்ரவரி 27

எப்படி எழுதுவது?

அத்தியாயத்தை எடுப்பதில்லை என்றால் ஒரு சொல்கூடத் தப்பாக இருக்கக்கூடாது என்று, ஒவ்வொரு பெண்ணிடமும் போய் அவள் சொன்னதை வாசித்துக் காட்டிக்கொண்டிருக்கிறேன். இன்று இருபத்தொன்பதாவது பெண். தையல் ஆலையில் வேலை. மதிய இடைவேளையில் வாசல் பக்கம் நின்று கேட்டாள்.

"எல்லாம் சரிதான். அடிச்சது யாருன்னு மட்டும் நீங்க கேக்கவே இல்லியே?"

"பேரெல்லாம் வேண்டாம்மா. யார் பேரும் போடக்கூடாது."

"பேரு எனக்கும் தெரியாது. நீங்கதான்."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "போன தடவையே சொல்லலாம்னு பார்த்தேன். நீங்க அவ்ளோ அக்கறையா கேட்டுட்டு இருந்தீங்க. எனக்குத்தான் சங்கடமா போச்சு" என்றாள். மணி அடித்தது. உள்ளே போய்விட்டாள்.

எனக்கு அவள் முகம் ஞாபகமே இல்லை. சத்தியமா இல்லை. ஒரு நாளைக்கு எத்தனை பேர்! முக்க மாட்டேன்னு காலை இறுக்கிப்பாங்க, பிள்ளைக்கு மூச்சு முட்டும், ஒரு தட்டு தட்டினாத்தான் — இப்படித்தானே டாக்டரும் பேசுவார்? அப்படியே அவர் குரல். என் வாயில்.

மார்ச் 1

டாக்டர் மேல் கோபமாக இருந்த நாட்கள் எவ்வளவு சுகமாக இருந்தன.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டே கேட்டார். "அப்போ எடுத்துடேன் அந்த அத்தியாயத்தை. அவங்களே எடுக்கச் சொல்றாங்க. உனக்கும் நல்லதாப் போச்சு."

என் நல்லதுக்குத்தான் சொன்னார். மேடமும் நல்லதுக்குத்தான் சொன்னார். நானும் பிள்ளையின் நல்லதுக்குத்தான் அடித்தேன். எல்லோரும் எவ்வளவு நல்லவர்கள்! தட்டை அப்படியே விட்டுவிட்டு எழுந்துவிட்டேன்.

மார்ச் 9

அத்தியாயத்தை முதலிலிருந்து படித்தேன். "அடிக்கப்பட்டார்." "திட்டப்பட்டார்." "தையல் போடப்பட்டது." ஆரம்பம் முதல் கடைசி வரை செயப்பாட்டு வினை. செய்தவர் ஒருவர்கூட இல்லை. ஆய்வு மொழி என்று நினைத்துத்தான் அப்படி எழுதினேன். அப்படித்தான் நினைத்தேனா?

பதினொரு பெண்கள் எங்கள் வார்டில் பிரசவித்தவர்கள்; அந்தத் தேதிகளில் நான் அங்கே பணியில் இருந்திருக்கிறேன். இருபத்தொன்பதாவது பெண்ணின் வாக்குமூலத்துக்குக் கீழே எழுதினேன்: இந்தப் பெண்ணை நான் அடித்தேன். மற்ற பத்துப் பேரில் எத்தனை பேரை என்று எனக்கு ஞாபகம் இல்லை. அவர்களுக்கு இருக்கலாம்.

அழுத்தி எழுதியதில் தாள் கிழிந்தது. வருத்தத்தில் இல்லை. ஆத்திரம்.

மார்ச் 14

மேடம் எழுந்து ஜன்னல் பக்கம் போய்ப் படித்தார். "இதை வச்சு உன் வேலைக்கே உலை வைப்பாங்க" என்றார்.

"தெரியும் மேடம்."

தாள்களைத் தன் கையிலேயே எடுத்துக்கொண்டார். பிறகு அவரே சட்டத்துறைக்கு என்னைக் கூட்டிப் போனார். அந்த ஆசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு திரும்பப் படித்தார். "செஞ்சவங்களே சொல்லிட்டாங்க. இப்போ இது எங்க பக்கம் வருது" என்று கையெழுத்துப் போட்டார். நான் மாட்டிக்கொண்டால்தான் என் பாடத்துக்கு ஒரு துறை கிடைக்கிறது. வாழ்க.

மேடமும் போட்டார். படி இறங்கும்போது கேட்டார்: "என்மேல கோபமா?"

"ஆமா மேடம்."

"சரி" என்றார்.

மே 22

ஆய்வேட்டை ஏற்றுக்கொண்டார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதமும் வந்துவிட்டது. ஒரே நாள் தபாலில்.

ஜூன் 3

விடுப்பு முடிந்து வார்டில் மூன்றாவது நாள். விசாரணை நடக்கிறது; அதுவரை வேலை உண்டு. யாரும் பேசுவதில்லை. நான் உள்ளே போனால் டீ குடிப்பதை நிறுத்தி எழுந்து போகிறார்கள். "பாத்துடி, எழுதிடுவா" என்று ஒருத்தி சத்தமாகவே சொன்னாள்.

மதியம் பணி மாறும் நேரம், பெரிய சிஸ்டர் உடை மாற்றும் அறைக்கு வந்தார். இந்த வார்டில் எல்லோருக்கும் மூத்தவர். கையில் நான்காம் அத்தியாயத்தின் ஜெராக்ஸ். அலுவலகத்துக்குப் போன பிரதியிலிருந்து எடுத்திருக்கிறார்கள் போல. அதை என் மடியில் எறிந்தார்.

"நான் அடித்தேன்னு நீ எழுதிட்ட. கையைக் கழுவிட்ட. படிச்சவ, உனக்கு எழுத ஒரு இடம் இருக்கு. நாங்க என்ன கல்லா?"

எனக்கும் சுர்ரென்று ஏறியது. "நான் ஒண்ணும் கழுவிக்கல சிஸ்டர்" என்றேன். "வேலை போகப்போகுது எனக்கு."

"போகட்டும். முப்பத்தொரு வருஷம் இருந்திருக்கேன்டி இந்த வார்டுல. ஒருத்தி வந்து என்னை ஒண்ணு கேட்டிருப்பாளா? நீயும் கேக்கல."

உண்மைதான். நர்ஸ் ஒருத்தியிடமும் நான் போகவில்லை.

வெளியே போய்விடுவார் என்று நினைத்தேன். கதவைச் சாத்திவிட்டு வந்து, ஸ்டூலை இழுத்து என் எதிரே உட்கார்ந்தார். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. கோபம் துளியும் இறங்கவில்லை அவர் முகத்தில்.

"எங்கேருந்து ஆரம்பிக்கிறதுன்னு எனக்குத் தெரியல" என்றார். "நீ கேளு."